செக் திரும்பியதா? 30 நாள்தான் கெடு!

கைமாற்று வாங்கிய ஆசாமி செக் கொடுக்கிறார். வங்கியில் போட்டால் 'கணக்கில் பணம் இல்லை' என்று திரும்பி வருகிறது. கேட்டால், "அடுத்த வாரம் கண்டிப்பா தந்துடறேன் அண்ணே" என்கிறார்.

இந்தப் பேச்சை நம்பித்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள், பணம் கேட்டு வக்கீல் மூலமோ நேரடியாகவோ நோட்டீசு அனுப்பியாக வேண்டும். நோட்டீசு கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். போலீஸ் நிலையத்துக்கு அலைந்து நாளைக் கழிக்க வேண்டாம். 1989 ஏப்ரலில் அமலுக்கு வந்த 138-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்!

கெடு தவறிவிட்டதா? செக் தேதியிலிருந்து 3 மாதம் முடியாவிட்டால், மறுபடி வங்கியில் போட்டுப் பார்க்கலாம். முடிந்துவிட்டால் சிவில் வழக்குதான். அதற்கும் 3 வருடக் கெடு உண்டு.

கடன் வாங்கியவனுக்குக் கெடு தெரிகிறது; கொடுத்தவனுக்குத் தெரியவில்லை. செக்கோடு வங்கி தரும் சீட்டில், திரும்பிய காரணம் இருக்கிறது. '30 நாளில் நோட்டீசு அனுப்புக' என்று தமிழில் ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துபோகும்?

வங்கிகள் செய்யுமா?