சென்சாருக்கும் முறைத்தண்ணி வேணும்

மண் ஈரம் சொல்லும் சென்சார்கள் நம் தோட்டங்களுக்கும் வந்துவிட்டன. இயற்கை விவசாயிக்கு இது எதுக்குங்க என்று கேட்கிறார்கள். மண்ணைக் கையில் பிடித்துப் பார்ப்பதற்கு ஈடு கிடையாதுதான். ஆனால் கிணறு வற்றுகிற காலத்தில், வேர் மட்டத்து ஈரம் தெரிந்து பாய்ச்சினால் ஒரு தண்ணி மிச்சம். கருவி வாங்கலாம். ஆனால் ஆளாளுக்குத் தனியாக வாங்கக் கூடாது என்பதுதான் என் கருத்து.

'லோரா' வகைச் சென்சார்கள் நம் நாட்டில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய, உரிமம் தேவையில்லாத அலைவரிசையில் பேசுகின்றன. அது வாய்க்கால் மாதிரி பொதுச்சொத்து. பெரும்பாலும் ஒவ்வொரு சென்சாரும் நினைத்த நேரத்தில் பேசும். 1971-ல் ஹவாய் பல்கலைக்கழகம் 'அலோகா' வலையமைப்பில் கொண்டுவந்த முறை இது. இதில் ஒரு தடத்தின் நேரத்தில் அதிகபட்சம் சுமார் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். நேரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தால் அது சுமார் 37 ஆகும். பேங்க் கவுன்டரில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் காசாளருக்கு ஒன்றும் கேட்காது. டோக்கன் கொடுத்தால் வேலை நடக்கும். அதே கதைதான்.

லோராவில் 'ஸ்ப்ரெடிங் ஃபேக்டர்' என்று 7 முதல் 12 வரை எண்கள் உண்டு. வெவ்வேறு எண்ணில் வரும் சிக்னல்களை, ஒரே நேரத்தில் வந்தாலும், கேட்வே பெரும்பாலும் பிரித்தெடுத்துவிடும். ஆனால் எண் ஒன்று கூடினால், பேசும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

ஆகவே உழவர் குழுவாகச் சேர்ந்து மூன்று காரியம் செய்யுங்கள். பொதுவாக ஒரு கேட்வே வாங்கி, தண்ணீர்த் தொட்டி போன்ற உயரமான இடத்தில் வையுங்கள். சிக்னல் நன்றாகக் கிடைத்தால் சின்ன எண்ணே போதும். வாழை, கரும்புக்குள் இருக்கும் சென்சாரின் ஆன்டெனாவைப் பயிருக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். நிமிடத்துக்கு ஒரு தகவல் வேண்டாம். மண் ஈரம் அவ்வளவு வேகமாக மாறாது, மணிக்கு ஒன்று போதும்.

பக்கத்துத் தோட்டக்காரர் நம் கணக்கைப் பார்த்துவிடுவாரோ என்ற பயம் வேண்டாம். லோராவான் முறையில் ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி உண்டு, லாக்கர் மாதிரிதான்.

விற்க வருகிறவர் விலையை மட்டும் சொல்வார். "எங்க ஊர்ல இருநூறு சென்சார் ஓடினா எத்தனை தகவல் தொலையும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் பணத்தைக் கொடுக்காதீங்க.