மலைக்கு வரும் மாணவர்கள் மண்டிக்கும் வரட்டும்



சேர்வராயன் மலையில் காப்பி கொள்முதல் செய்பவர்களுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை ஒரே கவலைதான். தலைச்சோலைப் பக்கமிருந்து மூட்டை வந்து இறங்கியதும், விலை பேசுவதற்கு முன் கையை உள்ளே விட்டு ஈரம் பார்க்கிறோம். செர்ரியாகக் காயப்போட்டால் நல்ல வெயிலிலேயே இரண்டு வாரம் பிடிக்கும். பழம் பறிக்கும் அதே மாதங்களில்தான் மலையில் மூடுபனியும் சாரலும். விவசாயி தார்ப்பாயைப் போடுவதும் எடுப்பதுமாகக் களத்திலேயே கிடக்கிறார். அரைகுறையாகக் காய்ந்த சரக்கு நம் கிடங்குக்கு வந்து பூஞ்சை பிடிக்கிறது, எடையும் குறைகிறது. அடுத்த மூட்டைக்கு அவருக்கு விலையைக் குறைக்கிறோம். நஷ்டம் இருவருக்கும்தான்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. வெயிலில் காற்றைச் சூடாக்கி, சிறு விசிறியால் உள்ளே செலுத்தி உலர்த்தும் பெட்டியைப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டமாகச் செய்கிறார்கள். இப்படிப்பட்ட மாணவர் திட்டங்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம் சிறு உதவித்தொகையும் தருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளியூர்க் கல்லூரி மாணவர்கள் எங்கள் கடையின் பின்புறத்தில் அப்படி ஒரு பெட்டியை வைத்தார்கள். ஒரு மாதம் அருமையாக வேலை செய்தது. பிறகு விசிறி மோட்டார் நின்றுவிட்டது. கல்லூரிக்குத் தொலைபேசியில் கேட்டால், அந்தப் பிள்ளைகள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள் என்றார்கள். இப்போது அதில் கோழிகள் அடைகின்றன.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். வைத்த அன்றே நான் மூன்று கேள்வி கேட்டேன். அடக்க விலை என்ன? மோட்டார் பழுதானால் சேலத்தில் எந்தக் கடையில் கிடைக்கும்? காப்பி இல்லாத ஒன்பது மாதம் இதில் எதைக் காயவைப்பது? அவர்களிடம் பதில் இல்லை. ஏனென்றால் அதற்கு மதிப்பெண் இல்லை! எரிசக்தி ஆய்வு ஓர் அறையில் நடக்கிறது. தொழில்முனைவுப் பயிற்சி வேறோர் அறையில், ஒரு சொற்பொழிவும் ஒரு சான்றிதழுமாக முடிகிறது. இரண்டையும் ஒரே பாடமாக, ஒரே தேர்வாக ஆக்க வேண்டும் என்பதே என் கட்சி.

இது புதிய யோசனையும் அல்ல. திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் 1986லேயே தொழில்முனைவோர் பூங்கா அமைத்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் முதலில் மின்சார ஸ்கூட்டருக்கான பேட்டரியைத்தான் செய்ய நினைத்தார்கள். சந்தையைப் பார்த்த பிறகுதான், அந்தப் பேட்டரியைத் தாங்கத் தகுந்த ஸ்கூட்டரே இல்லை என்று புரிந்தது. ஸ்கூட்டரையே செய்யத் துணிந்து 2013ல் ஏதர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இன்று தொழிற்சாலை ஓசூரில் இருக்கிறது. (1965 வரை ஓசூர் நம் சேலம் ஜில்லாதான்!) சந்தையைப் பார்க்காமல் ஆய்வுக்கூடத்திலேயே இருந்திருந்தால், நல்லதொரு பேட்டரி அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

நம் கடை விசிறியையே பாருங்கள். பழைய விசிறி 75 வாட். மும்பை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் 2012ல் தொடங்கிய ஆட்டம்பெர்க் போன்ற நிறுவனங்களின் புது மோட்டார் விசிறி ஏறக்குறைய 30 வாட். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 200 யூனிட் அளவுக்கு மிச்சம். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் விசிறி ஒன்றுக்கு 2,000 ரூபாய். இந்தக் கணக்கை வாடிக்கையாளரிடம் சொல்லத் தெரிந்த கடைக்காரர்தான் விலை கூடிய விசிறியை விற்கிறார்.

‘படிக்கிற பிள்ளைகளைக் கல்லாவில் உட்கார வைக்கப் பார்க்கிறீர்களா?’ என்று ஒரு பேராசிரியர் நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானதே. சில ஆராய்ச்சிக்கு இருபது ஆண்டு பிடிக்கும். அதை அவசரப்படுத்தக் கூடாது. எல்லா மாணவரும் கம்பெனி தொடங்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற பிள்ளைக்கும் அடக்க விலை போடத் தெரிந்திருக்கட்டும் என்கிறேன்.

நம் பங்குக்கும் வேலை உண்டு. மலையடிவாரத்தில் கருப்பூரில் அரசுப் பொறியியல் கல்லூரி 1966 முதல் இருக்கிறது. சேலத்தைச் சுற்றித் தனியார் கல்லூரிகளும் உண்டு. நமது சங்கம் அவர்களை அழைத்து நம் மின்கட்டண ரசீதுகளையும் குளிர்பெட்டிகளையும் ஈரம் ஏறிய கிடங்குகளையும் காட்டட்டும். திட்டங்களுக்கு மதிப்பெண் போடும் குழுவில் ஒரு வணிகரும் உட்காரட்டும். தேறிய பொருளை நாலு பேர் சேர்ந்து விலை கொடுத்து வாங்குவோம். இனாமாக வைத்துவிட்டுப் போகச் சொல்வது நமக்கு அழகல்ல. மூன்று மாதக் கடனில் சரக்குக் கேட்கும் நம் பழக்கத்தையும் அந்தப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டாம், ரொக்கமாகவே கொடுப்போம்.

முதல் வேலைக்கு எங்கள் கடைப் பின்புறத்துப் பெட்டியையே தருகிறேன். நவம்பருக்கு முன் வந்தால் நல்லது. கோழிகளுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.