புள்ளி வண்டுகள் எல்லாம் ஒன்றல்ல



2010இல் ஊர் திரும்பியபோது, தறப்பாள் கொட்டிலுக்குப் பக்கத்தில் இருபது கத்தரிக் கன்றும் வேலியோரம் பயிற்றையும் நட்டேன். பிள்ளைகளுக்குக் கறி, மிஞ்சினால் சந்தைக்கு என்பது என் கணக்கு.

ஒரு மாதத்தில் கத்தரி இலைகள் நரம்பு மட்டும் மிஞ்சி வலைபோல ஆகின. இலைகளில் செம்மஞ்சள் வண்டுகள், முதுகில் கறுப்புப் புள்ளிகள். கோபத்தில் தோட்டம் முழுக்கப் புள்ளி வண்டுகளைத் தேடி நசுக்கினேன். பயிற்றங்கொடியில் இருந்தவற்றையும் விடவில்லை. சில நாட்களில் பயிற்றங்குருத்தெல்லாம் அழுக்கணவன் கறுப்பாக அப்பி, பூக்கள் உதிர்ந்தன.

வந்து பார்த்த விவசாயப் போதனாசிரியர், "அக்கா, கள்ளனோட சேர்த்துக் காவல்காரனையும் எல்லோ கொண்டுபோட்டியள்" என்றார். அன்று அவர் காட்டித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டும் ஒரே குடும்பத்து வண்டுகள்தான். கத்தரி, பாவல் இலைகளைச் சுரண்டித் தின்பது எபிலக்னா வண்டு. அதன் முதுகு மினுங்காது. மெல்லிய மயிர் மூடி மங்கலாக இருக்கும். ஓரினத்துக்கு 28 புள்ளிகள் உண்டு. குஞ்சுப் புழு மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் கிளைவிட்ட முள். மெதுவாக நகரும்.

அழுக்கணவனைத் தின்னும் பொறிவண்டின் முதுகு எண்ணெய் பூசியதுபோல மினுங்கும். சிலவற்றில் புள்ளிக்குப் பதிலாக நெளிந்த கறுப்புக் கோடுகள் இருக்கும். அதன் புழு கறுத்து நீண்டு, சின்ன முதலை போல விறுவிறென்று ஓடும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் கொல்லாதீர்கள். அழுக்கணவனைத் தின்று தீர்ப்பதில் தாய் வண்டுக்கு அது குறைந்ததல்ல.

முட்டைகள் இரண்டுக்கும் மஞ்சள்தான். சுரண்டிய கத்தரி இலையின் அடியில் இருந்தால் நசுக்குங்கள். அழுக்கணவன் கூட்டத்தின் நடுவே இருந்தால் விட்டுவிடுங்கள்.

எபிலக்னா வண்டையும் புழுவையும் காலையில் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் சிறு தோட்டத்துக்கு அதுவே போதும். நஞ்சு அடித்தால் காவல்காரனும் சாவான். அழுக்கணவனோ விரைவில் திரும்பப் பெருகும். கடனுக்கு மருந்து வாங்கவும் வேண்டாம், நஞ்சுப் போத்தல் வீட்டுக்குள் வரவும் வேண்டாம். தனியே பிள்ளை வளர்க்கும் எங்களுக்கு அது பெரிய நிம்மதி.

நாளை காலை ஓர் இலையைப் புரட்டிப் பாருங்கள். நசுக்க முன்னர், அது என்ன தின்கிறது என்று ஒருகணம் கவனியுங்கள்.