கடைக்கோடிக் குழாயில் குளோரின் இருக்கிறதா?

2024 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னைப் புறநகரான பல்லாவரத்தின் காமராஜர் நகர் மலைமேட்டிலும் அதை ஒட்டிய கன்டோன்மென்ட் பகுதியிலும் வாந்தி, வயிற்றுப்போக்கால் முப்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பலர் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்து வந்தது என்று தெருக்காரர்கள் சொன்னார்கள். குடிநீரில் கழிவுநீர் கலக்கவில்லை, சாப்பிட்ட உணவு காரணமாக இருக்கலாம் என்றார் அமைச்சர் தா.மோ. அன்பரசன். தண்ணீர் மாதிரிகள் கிண்டி கிங் நிலையத்துக்குச் சோதனைக்குப் போயிருந்தன. முடிவு வருமுன்பே சொல்லப்பட்ட பதில் அது.

காரணம் தண்ணீரா, உணவா என்று சொல்ல வேண்டியது ஆய்வகம். என் கவலை அதற்கு முந்தையது. தண்ணீரை விநியோகிக்கும் நிர்வாகமே அன்றாடம் அதைச் சோதிக்கிறது. நல்ல தண்ணீர்தான் என்று சான்று சொல்வதும், புகார் வந்தால் முதல் மறுப்பை வெளியிடுவதும் அதே நிர்வாகம்தான். இந்த ஏற்பாடு மாறாமல் எத்தனை குழாய்களை மாற்றினாலும், அடுத்த டிசம்பரிலும் இதே வாக்குவாதம்தான் நடக்கும்.

பல்லாவரம் அடங்கிய தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் பிறந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகள். பெயர்ப் பலகை ஒன்றானது. பூமிக்கு அடியில் கிடப்பது இன்னமும் பத்து ஊர்களின் குழாய்கள். ஒரு பக்கம் பாலாற்றுத் தண்ணீர், இன்னொரு பக்கம் மெட்ரோ வாட்டர் மொத்தமாகத் தரும் நீர், வேறோர் இடத்தில் ஏரிக் கிணறு. பாதாளச் சாக்கடை சில பகுதிகளில் உண்டு, பல பகுதிகளில் இல்லை. இல்லாத தெருக்களில் செப்டிக் டேங்க்கும் மழைநீர் வடிகாலும்தான் கழிவுநீருக்குக் கதி. அதே வடிகாலின் ஓரமாகவே குடிநீர் இணைப்பும் போகிறது.

கழிவுநீர் எப்படிக் கலக்கிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. குழாயில் எந்நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் ஓடினால், விரிசல் இருந்தாலும் நீர் வெளியேதான் கசியும். நம்முடையதோ நேரம் வைத்துத் திறந்து மூடும் விநியோகம். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் விழுகிறது. சுற்றியுள்ள ஈர மண்ணில் என்ன ஊறிக் கிடக்கிறதோ அது விரிசல் வழியே உள்ளே புகுகிறது. வீட்டு மோட்டாரை நேரடியாகக் குழாயில் பொருத்தி உறிஞ்சும்போது இந்த இழுப்பு இன்னும் கூடுகிறது. அடுத்த முறை வால்வு திறந்ததும் முதலில் வருவது அந்த நீர்தான். மழைக்காலத்தில், வடிகால் நிரம்பி நிற்கும்போது, ஆபத்து உச்சத்தில் இருக்கும். ஆகவே மேல்நிலைத் தொட்டியில் எடுத்த மாதிரி சுத்தமாக இருக்கிறது என்ற அறிக்கை, மேட்டுத் தெருவின் கடைசி வீட்டுக்கு எந்த உத்தரவாதமும் ஆகாது.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 குடிநீருக்குத் தெளிவான எல்லை வகுத்திருக்கிறது. 100 மில்லி நீரில் ஈ.கோலி பாக்டீரியா ஒன்றுகூடத் தென்படக் கூடாது. எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்துச் சொல்ல ஆய்வகத்துக்கு ஒரு நாளாவது வேண்டும். அதற்குள் அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்திருப்பார்கள். குளோரின் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். சுகாதார ஆய்வாளர்கள் கையில் வைத்திருக்கும் குளோரோஸ்கோப் விலை உயர்ந்த கருவியல்ல. தொட்டியில் இருந்த குளோரின் கடைசிக் குழாயில் இல்லை என்றால், வழியில் ஏதோ அதைத் தின்றிருக்கிறது என்று பொருள். யாருக்கும் வயிறு கலங்குவதற்கு முன்பே கிடைக்கக்கூடிய எச்சரிக்கை இது ஒன்றுதான். இதை வார்டு வாரியாகத் தினமும் அளந்து பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதில் என்ன தடை இருக்க முடியும்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்ற சிற்றூர். 2000 மே மாதம் கனமழையில் மாட்டுச் சாணம் ஊர்க் கிணற்றுக்குள் இறங்கியது. குடிநீர் ஆபத்தானது என்ற ஆய்வு முடிவு கையில் இருந்தும், விநியோகப் பொறுப்பாளர் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே சுகாதாரத் துறையிடம் சொன்னார். குளோரின் பதிவேடுகளில் பொய் எண்கள் எழுதப்பட்டிருந்தது பின்னர் வெளிவந்தது. வட்டார சுகாதார அலுவலகம் அந்தச் சொல்லை நம்பிக் காத்திருக்காமல், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று தானாகவே அறிவித்தது. அப்படியும் 7 பேர் இறந்தார்கள், 2,300 பேர் நோயுற்றார்கள். நீதிபதி டெனிஸ் ஓகானர் தலைமையில் பகிரங்க விசாரணை நடந்தது. 2002இல் பாதுகாப்பான குடிநீருக்கென்றே தனிச் சட்டம் வந்தது. ஆபத்தான முடிவு எதுவானாலும் ஆய்வகம் சுகாதார அதிகாரிக்கு நேரடியாக, உடனே தெரிவிக்க வேண்டும் என்பது இன்று அங்கே சட்டம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்கள் காரைக்காலைப் பார்க்கலாம். 2022 ஜூலையில் அங்கே காலரா பரவியபோது, புதுச்சேரி அரசு அதைக் காலரா என்றே பெயர் சொல்லிப் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. உண்மையைச் சொன்னால் பீதி பரவும் என்கிறார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும்போதுதான் பீதி பரவுகிறது. தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும் என்று தெரிந்த வீடு அடுப்பைப் பற்றவைக்கும்.

இவ்வளவு பெரிய விஷயம் புறநகரில் ஏன் தேர்தல் பிரச்சினை ஆகவில்லை? குரலெழுப்பும் வசதி உள்ளவர்கள் எல்லாம் கேன் தண்ணீருக்குப் போய்விட்டார்கள் என்பதுதான் என் கணிப்பு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லாரித் தண்ணீர் சம்ப்புக்கு, கேன் தண்ணீர் வாய்க்கு. குடத்தோடு தெருக்குழாயை நம்பி இருப்பவர்கள் மலைமேட்டுக்காரர்கள் போன்ற உழைப்பாளிக் குடும்பங்களே. குரோம்பேட்டை, பல்லாவரம், நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் தொழில் நிலத்தடி நீரைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கெடுத்துவிட்டது. அங்கே கிணற்றுக்குத் திரும்பலாம் என்ற வழியும் அடைபட்டுப்போனது.

சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டின் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், குடிக்கத் தகுந்த நீரைத் தரும் கடமையை உள்ளாட்சிகள் மீது அப்போதே சுமத்தியது. அதில் சேர்க்க வேண்டியவை சில உண்டு. குடிநீர்ச் சோதனையை விநியோகத் துறையிலிருந்து பிரித்துப் பொதுச் சுகாதாரத் துறையிடம் முழுமையாக ஒப்படைக்க வேண்டும். முடிவுகள் தெருப்பெயரோடு வெளியாக வேண்டும். ஒரே தெருவிலிருந்து நான்கைந்து பேர் வயிற்றுப்போக்கோடு வந்தால், தனியார் கிளினிக்கும் அன்றே தகவல் தர வேண்டும். மலைமேட்டில் ஒரு பக்கம் மாநகராட்சி, மறு பக்கம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள கன்டோன்மென்ட் வாரியம். நோய் இரண்டிலும் பரவியது. செங்கல்பட்டு மாவட்ட சுகாதார அலுவலர் இரு பகுதிக்கும் சேர்த்து சந்தேகத்துக்குரிய குழாய்களை மூடவும், கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிக்கவும், ஆணையரின் ஒப்புதலுக்கோ அமைச்சரின் பேட்டிக்கோ காத்திராத அதிகாரம் பெற்றிருக்க வேண்டும்.