யவனர் ஈந்த தூண்கள்

ஏதென்சு நகரத்துப் பார்த்தினன் கோயிலைக் காணப் பெரும்பொருள் செலவிட்டுச் செல்வோரை நாம் பழிக்கவில்லை. ஆயின், புனேயிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள கார்லாக் குகையை வெறும் உல்லாசத் தலமாகக் கருதும் போக்கைக் கண்டிக்கிறோம்.

கிரேக்கரைக் குறித்து எழுந்த சொல்லே ‘யவனர்’. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் குடையப்பட்ட அப்பௌத்தச் சைத்தியத்தின் தூண்கள் பல, தேனுகாகடத்து யவனர் ஈந்தவை எனப் பிராமிக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அகநானூற்றில் முசிறித் துறைக்கு மரக்கலம் செலுத்தி வந்த யவனரின் பெயரையே இங்கும் காண்கிறோம். தமிழகத்துக்கும் மராட்டிய மண்ணுக்கும் அன்றே பொதுவிருந்தினர் இருந்தனர். இம்மண் நமக்கு அந்நியம் என்பது எங்ஙனம்?

தூணை ஈந்தவன் தன் பெயரைப் பொறித்தான். எதையும் ஈயாது பழஞ்சுவர்களில் பெயர் கிறுக்குவோர்க்கு உரிமை ஏது? பெற்றோரே, பிள்ளைகளுக்கு முதலில் கார்லாவைக் காட்டுங்கள். ஏதென்சு பிறகு ஆகட்டும்!