காரில் பிறந்த ஆறுதல்

ஒரு வீட்டில் புருஷன், பெண்டாட்டி பிரிந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் நாம் என்ன செய்கிறோம்? யார் பக்கம் நியாயம் என்று பட்டிமன்றமே நடத்திவிடுவோம். மூலையில் நிற்கிற குழந்தையிடம் போய் நாலு வார்த்தை பேசுகிறோமா, சொல்லுங்கள்?

ஒருவர் பேசப் போனார். 1968-ஆம் வருஷம், இங்கிலாந்தில். உலகையே ஆட்டிவைத்த பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன், மனைவி சிந்தியாவை விட்டு யோகோ ஓனோவோடு போய்விட்டார். பிள்ளை ஜூலியனுக்கு வயசு ஐந்துதான். அதே குழுவைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னிக்கு மனசு கேட்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு, வெய்பிரிட்ஜில் இருந்த தாயையும் பிள்ளையையும் பார்க்கக் கிளம்பினார். ஓட்டிக்கொண்டே, பையனைத் தேற்றுகிற மாதிரி ஒரு பாட்டை முணுமுணுத்தார். முதலில் 'ஜூல்ஸ்' என்று ஜூலியனையே கூப்பிட்டவர், பாட வசதியாக 'ஜூட்' என்று மாற்றிக்கொண்டார். 'ஹே ஜூட்' பிறந்த கதை இதுதான்.

பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்குமே சின்ன இசைத்தட்டு, அப்படித்தான் இது வந்தது. ஆகஸ்ட் 26-ல் அமெரிக்காவில், 30-ல் இங்கிலாந்தில். குழுவினர் சொந்தமாகத் தொடங்கிய 'ஆப்பிள்' கம்பெனியின் பெயரில் வந்த அவர்களுடைய முதல் தட்டு. மறுபக்கத்தில் 'ரெவல்யூஷன்'. மூன்று நிமிஷப் பாட்டுகளே வழக்கமாக இருந்த காலத்தில் இது ஏழு நிமிஷத்துக்கும் மேல்! ஆனாலும் அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தை விட்டு நகரவில்லை. 1970-ல் அங்கே இதே பெயரில் ஒரு பெரிய தட்டும் வந்தது.

வேடிக்கையைக் கேளுங்கள். பதிவின்போது கூடவே கிதார் வாசித்து, பின்பாட்டும் பாடியவர் அந்தத் தகப்பன்தான்! பாட்டு தனக்காக எழுதியது என்றே அவருக்கு எண்ணம்.

ஜூலியனுக்கோ, அது தனக்கான பாட்டு என்று வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. 1996-ல் அந்தப் பாட்டின் பதிவுக் குறிப்புத் தாள் ஏலத்துக்கு வந்தபோது, 25,000 பவுன் கொடுத்து அவரே வாங்கினார். 2022-ல் தாம் வெளியிட்ட இசைத் தொகுப்புக்கு 'ஜூட்' என்றே பெயர் வைத்தார். ஐந்து வயசில் கிடைத்த ஆறுதல் எத்தனை வருஷம் கூட வந்திருக்கிறது, பார்த்தீர்களா?

நமக்குப் பாட்டுக் கட்டத் தெரியாது, போகட்டும். சித்தியோ, அத்தையோ, பக்கத்து வீட்டு மாமியோ, அந்தக் குழந்தையை மடியில் உட்காரவைத்து, "சாப்பிட்டியா, கண்ணு?" என்று கேட்கலாமே. அதற்கு மெட்டு எதற்கு?