பரதேசியின் வாக்கு



வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நம் மாநிலத்தில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கியது முதல், சபையார் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறீர்கள்: "ஐயா, வடக்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள் இங்கே ஓட்டுப் போட்டால் நம் அரசியல் என்ன ஆகும்?"

இந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. குடியேறுகிறவர்கள் பெருகினால் ஆட்சியின் போக்கும் மாறக்கூடும். குரல் தேய்வது இன்னதென்று புதுக்கோட்டையாருக்குச் சொல்லித்தரவும் வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையில் நம் மக்களவைத் தொகுதியே மறைந்தது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் இன்று திருச்சி, கரூர், சிவகங்கை, இராமநாதபுரம் என நான்கு மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன.

ஆயினும், இதே அச்சத்தை ஒருகாலத்தில் பிறர் நம்மைக் குறித்துக் கொண்டிருந்தார்கள். நம் மாவட்டத்திலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் கப்பலேறியவர்கள் இலங்கை மலையகத்தில் காப்பியும் தேயிலையும் வளர்த்தார்கள். 1947 தேர்தலில் அவர்களுடைய வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் பல இடங்களை வென்றது. அந்த வாக்குகள் அந்நாட்டின் அரசியலை மாற்றிவிடும் என்று அஞ்சியவர்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தார்கள். மறு ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. யாரும் அந்த மக்களைக் கலந்துபேசவில்லை. அப்படித் திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நம் நடுவில் வாழ்கிறார்கள்.

அந்நியனை ஒடுக்கலாகாது என்று யாத்திராகமம் 22:21இல் கட்டளையிடுகிற கர்த்தர், அதற்குச் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தவர்கள் அல்லவா என்பதே அது. இஸ்ரவேலுக்கு எகிப்து என்றால், நமக்கு மலையகத்தின் லயன் வீடுகள்.

நம் தேசத்தின் சட்டமும் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் குடிமகனிடம் வயதையும் வழக்கமாக வசிக்கும் இடத்தையுமே கேட்கிறது. தாய்மொழியையோ பிறந்த மாநிலத்தையோ கேட்பதில்லை. ஒருவருடைய பெயர் இரண்டு இடங்களில் இருக்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். சிங்கப்பூரிலிருக்கும் நம் பிள்ளைகளுக்கு, அங்கே குடியுரிமை பெறாதவரை, இங்கே பட்டியலில் இடம் தந்திருப்பதும் இதே சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தமே. அதைக் குறித்து நம்மில் ஒருவரும் முணுமுணுத்ததில்லை!

இங்கே உழைத்து, இவ்வூர்த் தண்ணீரைக் குடித்து, இங்குள்ள பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கிற ஒரிசாக்காரரோ பீகார்க்காரரோ நான் விரும்பாத கட்சிக்கே வாக்களிக்கக்கூடும். வாக்களிக்கட்டும். நம் சபையிலேயே நான் விரும்பாத கட்சிக்கு வாக்களிப்போர் உண்டு. அவர்களோடுதான் திருவிருந்தில் பங்குபெறுகிறேன். அவர் மனத்தை மாற்ற வேண்டுமென்றால் முதலில் அவரோடு பேச வேண்டும். எத்தனை பேர் பேசியிருக்கிறோம்?

வெளிமாநிலத் தொழிலாளருக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கிற சபையாருக்குத் தனியே ஒரு வார்த்தை. வாடகை ஒப்பந்தம் எழுதித்தரச் சிலர் மறுப்பதாகக் கேள்விப்படுகிறேன். மாதந்தோறும் வாடகையை வாங்குகிற கை, அவர் இங்கே வசிக்கிறார் என்று கையொப்பமிட மட்டும் கூசுவானேன்? எழுதிக் கொடுங்கள். படிவம் 6 நிரப்பத் தெரியாதவர்களைச் சனிக்கிழமை மாலை ஆலய வளாகத்துக்கு அனுப்பி வையுங்கள். இந்தி அறிந்த வாலிபர் இருவரோடு நானும் அங்கிருப்பேன்.